கம்பத்தில் ஒரு மஞ்சள் தாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டட அனுமதி, மனை அங்கீகாரம், அலைக்கழிப்பு என்று உங்கள் பத்திரிகையில் மாதத்துக்கு நாலு கடிதமாவது வந்துவிடுகிறது. மற்றவர்களைப் போல என்னால் அவற்றைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப முடியாது. ஒரு கிராம ஊராட்சியில் கிளார்க்காகச் சேர்ந்து, செயலராக ஓய்வுபெற்றவன் நான். இருபத்தைந்து வருடம். அந்தக் கடிதங்களில் திட்டு வாங்குகிற மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். இத்தனை நாள் பதில் எழுதத் தோன்றவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வருடம் இங்கிலாந்தில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது பார்த்த ஒரு கூட்டம்தான். வெளிநாட்டுக்குப் போய்வந்தவன் அந்த ஊர் பெருமை பாடுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே எனக்குப் பிடிக்காததும் நிறைய உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் இருப்பது தெற்கு இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். ஒரு சர்ச், ஒரு பப், ஊர்க் கூட்டம் போட ஒரு கூடம், சுற்றிலும் மேய்ச்சல் நிலம். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபிறகு எனக்கு நடப்பதைத் தவிர வேலை கிடையாது. அப்படி நடக்கும்போது ஒரு நாள் வண்டிப்பாதை திரும்புகிற இடத்தில், தந்திக் கம்பத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மஞ்சள் தாள் கட்டியிருந்தது. யாருடைய பூனையோ காணோம்போல என்று கிட்டப் போய்ப் படித்தால், பிளானிங் விண்ணப்பம், அதாவது கட்டட அனுமதி கேட்கிற மனு. இன்ன பண்ணையில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், பண்ணையில் வேலை செய்பவர் குடியிருக்க ஒரு வீடு. வரைபடம், அறிக்கை எல்லாம் மாவட்ட கவுன்சில் இணையதளத்தில் இருக்கின்றன, கருத்து சொல்ல விரும்புகிறவர்கள் 21 நாளுக்குள் சொல்லலாம். பக்கத்து நிலத்துக்காரர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும்.

எத்தனையோ நூறு வரைபடங்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றையாவது பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறேனா? கிடையாது. காட்ட வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்து மகளை இணையதளத்தைத் திறக்கச் சொன்னேன். அன்றிலிருந்து சீரியல் பார்ப்பதுபோல அந்த விண்ணப்பத்தைப் பின்தொடர ஆரம்பித்தேன். தினம் ஏதாவது புதிதாகச் சேர்ந்திருக்கும். நெடுஞ்சாலைப் பிரிவின் கருத்து, கழிவுநீர் எங்கே போகும் என்ற விவரம், அங்கே உள்ள மரங்களில் வௌவால் தங்குகிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு ஆள் (சிரிக்காதீர்கள், வௌவாலுக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு), அப்புறம் ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்கள். ஆதரவு, எதிர்ப்பு எல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கிறது. மொட்டைக் கடுதாசிக்கு அங்கே மதிப்பில்லை.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். காரணம் 1947-இல் வந்த நகர் ஊரமைப்புச் சட்டம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கொண்டுவந்து 1948 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: மண் உன்னுடையது, அதில் கட்டுகிற உரிமை அரசாங்கத்துடையது, கேட்டு வாங்கிக்கொள். நூறு ஏக்கர் வைத்திருக்கிற பண்ணைக்காரராக இருந்தாலும் அதன் நடுவே தன் இஷ்டத்துக்கு ஒரு வீடு எழுப்ப முடியாது. ஒவ்வொரு கவுன்சிலும் ஒரு உள்ளூர்த் திட்டம் போட்டு வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தில் பல ஊர்களைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். நம் ஊரில் நத்தம் எல்லை இருக்கிறதே, பார்வைக்கு அதுபோலத்தான். கோட்டுக்கு உள்ளே என்றால் வீடு கட்ட ஓரளவு இடமுண்டு. வெளியே போனால் திறந்த நாட்டுப்புறம். அங்கே தனி வீடு கூடாது என்பது பொது விதி, விலக்குகள் கொஞ்சம்தான். பண்ணை வேலைக்கு ஆள் அங்கேயே தங்கியாக வேண்டிய கட்டாயம், பாழடையும் பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது, ஊரே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அபூர்வமான வடிவமைப்பு, இந்த மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விவசாயக் கொட்டகைக்குப் பல சமயம் முழு விண்ணப்பமே தேவைப்படாது, முன்கூட்டித் தெரிவித்தால் போதும். (கால்நடைக் கொட்டகை மட்டும் பிறர் வீடுகளிலிருந்து 400 மீட்டருக்குள் வந்தால் விண்ணப்பம் போட்டாக வேண்டும், நாற்றம்தான் காரணம்.) 2014-இலிருந்து பழைய கொட்டகையைக்கூட வீடாக மாற்றிக்கொள்ளச் சுருக்கு வழி கொடுத்திருக்கிறார்கள், 2024-இல் அதைப் பத்து வீடு வரை நீட்டிவிட்டார்கள். ஆகவே மாட்டுக்குக் கொட்டகை சுலபம், வெறும் கொட்டகையைப் பட்டணத்துக்காரனுக்கு வீடாக மாற்றி விற்பதும் சுலபம், மாடு இருக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் மகனைக் குடிவைப்பதுதான் கஷ்டம். நான் பார்த்த விண்ணப்பம் அதுதான். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மகன் பண்ணையை எடுத்து நடத்துகிறார், 130 பசு, கன்று போடும் காலத்தில் இரவெல்லாம் ஆள் வேண்டும்.

முதலில் பாரிஷ் கவுன்சில் கூடியது. நம் கிராம ஊராட்சி மாதிரிதான், ஆனால் அதிகாரம் ரொம்பக் குறைவு. ஊர்க் கூடத்தில் ஏழு பேர், ஒரு கிளார்க் (அந்த அம்மாள் மேல் எனக்கு உடனே ஒரு பாசம் வந்துவிட்டது), பொதுமக்கள் பகுதியில் நானும் மகளும் ஒரு பெரியவரும். பாரிஷ் கவுன்சிலால் அனுமதி கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தன் கருத்தை மாவட்ட கவுன்சிலுக்கு எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். அவர்கள் "ஆதரிக்கிறோம்" என்று எழுதினார்கள். ஊர்க்காரப் பையன், ஊரில் இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் நினைப்பு.

மாவட்ட கவுன்சிலிலும் எல்லா விண்ணப்பமும் கவுன்சிலர்கள் உட்கார்ந்து முடிவெடுக்கிற பிளானிங் கமிட்டிக்குப் போவதில்லை. இது முக்கியம், ஏனென்றால் நான் பார்த்ததை வைத்து அங்கே எல்லாமே சபையில் முடிவாகிறது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிளானிங் அதிகாரிகள் தங்கள் மேசையிலேயே முடித்துவிடுகிறார்கள், அந்த அதிகாரத்தைக் கவுன்சிலே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. பெரிய விஷயம், சர்ச்சைக்குரியது, அல்லது அந்த வார்டு கவுன்சிலர் "இதைக் கமிட்டியில் வையுங்கள்" என்று தகுந்த காரணத்தோடு கேட்பது, இவைதான் கமிட்டிக்கு வரும். இந்த விண்ணப்பத்தில் அதிகாரி மறுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் வார்டு கவுன்சிலர் கேட்டு எடுத்துக்கொண்டார். சின்ன விண்ணப்பத்துக்கு எட்டு வாரம் என்று கெடு இருக்கிறது. இது கமிட்டிக்கு வரும்போது நாலு மாதம் ஆகியிருந்தது. "இருவரும் ஒத்துக்கொண்டு கால நீட்டிப்பு" என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், கெடு தாண்டினாலும் கணக்கில் தாண்டாது. அதிலே நம் ஆட்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

கூட்டத்துக்கு ஐந்து வேலை நாள் முன்பே நிகழ்ச்சி நிரலும் அதிகாரியின் அறிக்கையும் வெளியே வந்துவிட்டன. இந்த ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம். கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இங்கே ஒரு சின்னத் தகவல்: உள்ளாட்சிக் கூட்டங்களுக்குள் பத்திரிகையாளரையும் பொதுமக்களையும் விடவேண்டும் என்று 1960-இல் வந்த சட்டம், பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர் முதல்முறை எம்.பி. ஆன கையோடு கொண்டுவந்த தனிநபர் மசோதா. அந்த அம்மையாரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு, இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

பதினோரு உறுப்பினர்கள். தலைவர் ஒரு பெண். ஓரத்தில் பிளானிங் அதிகாரி, சட்ட அதிகாரி, குறிப்பெடுக்க ஒருவர். முதல் வேலையே "யாருக்காவது சம்பந்தம் இருக்கிறதா" என்ற கேள்வி. ஒருவர் எழுந்தார். விண்ணப்பதாரரின் நிலத்தில் கொஞ்சம் தான் குத்தகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார், அந்த விண்ணப்பம் வந்ததும் தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு அறையை விட்டே வெளியே போய்விட்டார். வாக்களிக்காமல் உட்கார்ந்திருப்பது இல்லை, கதவுக்கு வெளியே. 2011-இல் வந்த ஒரு சட்டப்படி, பண சம்பந்தமான நலனைத் தகுந்த காரணமின்றி மறைத்தால் அது குற்ற வழக்கு. எங்கள் ஊராட்சியில் இந்த விதியைப் போட்டிருந்தால் சில கூட்டங்களில் நான் மட்டும்தான் உள்ளே மிஞ்சியிருப்பேன், சில கூட்டங்களில் நானும் மிஞ்சியிருக்க மாட்டேன். எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான், என்ன செய்ய.

அதிகாரி படம் போட்டு விளக்கினார். இளைஞர், நிதானமாகப் பேசினார். கோட்டுக்கு வெளியே உள்ள இடம். ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி வாடகைக்கு வீடு கிடைக்கிறது. கன்று போடும் மாட்டைக் கேமரா வைத்துக் கண்காணிக்கலாம், வாலில் கட்டும் கருவி கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். ஆகவே "கட்டாயத் தேவை" நிரூபணமாகவில்லை, மறுக்கப் பரிந்துரைக்கிறேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. விதியைப் படித்து அதன்படி எழுதியிருக்கிறார், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அப்புறம் பொதுமக்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்த வேண்டியதுதான். எதிர்த்தவர் பண்ணைக்கு எதிர்மேட்டில் வீடு வாங்கி லண்டனிலிருந்து வந்து குடியேறியவர். தன் ஜன்னலிலிருந்து தெரிகிற பள்ளத்தாக்குக் காட்சி கெடும், வீட்டு விலை இறங்கும் என்றார், பாதை குறுகல் என்றார். தலைவி ரொம்ப மரியாதையாக உறுப்பினர்களுக்கு ஒன்றை நினைவூட்டினார்: ஒருவருடைய ஜன்னல் காட்சியும் வீட்டு விலையும் நாம் கணக்கில் எடுக்கக் கூடியவை அல்ல, பாதை விஷயத்தை எடுக்கலாம். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. எதைப் பேசலாம் என்பதற்கல்ல, எதை வைத்து முடிவெடுக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி கட்டுகிறார்களா, வெளிச்சம் மறைகிறதா, போக்குவரத்து, வெள்ளம், சத்தம், பழமையான கட்டடத்துக்குக் கேடு, இவையெல்லாம் செல்லும். காட்சி போச்சு, விலை போச்சு, என் கடைக்குப் போட்டி வரும், அந்த ஆள் சரியில்லை, இதெல்லாம் செல்லாது. விண்ணப்பதாரர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே இடமில்லை. யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் ஒரு அனுமதி ஓடுவதும் நிற்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

பிறகு பண்ணைக்கார மகன் வந்தார். பெரிய கை, சின்னக் காகிதம். காகிதம் நடுங்கியது. இரண்டு வரி படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிட்டார். "கேமரா பார்க்கும், கன்று தலைகீழாக வந்தால் கேமரா இழுத்துப் போடாது" என்றார். பின்வரிசையில் சிரிப்பு. ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி பார்த்து, பனியில் வண்டி எடுத்து வருவதற்குள் பசுவும் போச்சு கன்றும் போச்சு என்று போன குளிர்காலத்தில் நடந்ததைச் சொன்னார். மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டார்.

விவாதம் ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் எழுதினால் உங்கள் பக்கம் போதாது. ஒரு உறுப்பினர் மனதிருந்தும் தயங்கினார்: இன்றைக்கு இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு மூன்று மாடு வைத்துக்கொண்டு ஒருவர் மாளிகை கேட்பார், இதற்கு முன் கொடுத்து ஏமாந்திருக்கிறோம், ஐந்து வருடத்தில் மாட்டை விற்றுவிட்டு வீட்டை விற்றார்கள். நியாயமான பயம்தான். இன்னொருவர் பண்ணைக் கணக்கைக் கேட்டார், லாபத்தில் ஓடுகிறதா, பத்து வருடம் நிற்குமா என்று. வேறொரு மூத்த உறுப்பினர் போன வாரம் எல்லாருமாக இடத்தைப் போய்ப் பார்த்ததைச் சொல்லி, ஊருக்குள் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து மழைக்காலத்தில் பண்ணைக்கு வருகிற தாழ்வான பாதை தண்ணீரில் மூழ்குகிறதே, அதை அறிக்கையில் ஏன் காணோம் என்றார். அதிகாரி தாள்களைப் புரட்டினார். அங்கேதான் விஷயம் திரும்பியது.

கொடுக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். வாக்கெடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சட்ட அதிகாரி கையைத் தூக்கினார். "அதிகாரியின் பரிந்துரைக்கு எதிராகப் போகிறீர்கள். போகலாம், உங்கள் உரிமை. எந்தத் திட்டமிடல் காரணத்துக்காகப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், குறிப்பில் ஏற வேண்டும்." முன்மொழிந்தவர் "நல்ல குடும்பம், அதனால்..." என்று ஆரம்பித்தார். அது காரணமல்ல என்று உடனே நிறுத்திவிட்டார்கள். திரும்ப யோசித்து, கன்று போடும் எண்ணிக்கை, வெள்ளத்தில் மூழ்கும் பாதை, மாற்று வீடு நடைமுறையில் பயன்படாதது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதை எழுதி, வாசித்துக்காட்டி, அதற்குப் பிறகுதான் கை தூக்கினார்கள். ஆறுக்கு நாலு. அனுமதி.

நான் அங்கிருந்து எடுத்துவந்தது அந்தப் பத்து நிமிடம்தான். தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள், பெரும்பான்மை கையில் இருக்கிறது, இருந்தும் கையை மட்டும் தூக்கிவிட்டுப் போக முடியவில்லை. தோற்கப் போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் முகத்துக்கு நேராகக் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004-இல் வந்த சட்டத்தில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்: உள்ளூர்த் திட்டத்தை ஒட்டித்தான் முடிவெடுக்க வேண்டும், அதைவிட்டு விலக வைக்கும் தகுந்த காரணம் இருந்தால் ஒழிய.

அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. மூன்று வருடத்துக்குள் வேலை தொடங்க வேண்டும். விவசாயத்திலோ காட்டு வேலையிலோ ஈடுபட்டவர், அல்லது அதிலிருந்து ஓய்வுபெற்றவர், அவரைச் சார்ந்தவர், இவர்கள்தான் அந்த வீட்டில் குடியிருக்கலாம். இந்த முடிச்சு வீட்டோடு போகும், விற்றாலும் வாங்குகிறவரைக் கட்டும், அதனால் விலையும் நன்றாக இறங்கிவிடும். தயங்கிய உறுப்பினரின் பயத்துக்கு அதுதான் பதில்.

அன்றைக்கே இரண்டாவதாக வந்தது வேறு கதை. ஊர் ஓரத்து வயலில் ஒரு கட்டுமான நிறுவனம் நாற்பது வீடு கேட்டது. ஊரே எதிர்ப்பு. அதிகாரியோ கொடுக்கச் சொல்கிறார், ஏனென்றால் ஐந்து வருடத்துக்குத் தேவையான வீட்டு நிலம் கையிருப்பில் இருக்கிறது என்று அந்தக் கவுன்சிலால் காட்ட முடியவில்லை, அப்படியானால் தராசு தானாகவே கொடுக்கிற பக்கம் சாயும், தேசியக் கொள்கை அப்படி. உறுப்பினர்கள் மறுக்கத்தான் ஆசைப்பட்டார்கள். சட்ட அதிகாரி மறுபடியும் எழுந்தார். மறுத்தால் அவர்கள் பிரிஸ்டலில் இருக்கும் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேல்முறையீடு போவார்கள், உங்கள் காரணம் நிற்காவிட்டால் அனுமதியை அவர்களே கொடுத்துவிடுவார்கள், காரணமே இல்லாமல் மறுத்ததாக ஆனால் அவர்கள் செலவையும் கவுன்சில் கட்ட வேண்டிவரலாம் என்றார். வாக்கெடுப்பில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு கை தூக்கினார்கள். அனுமதி. ஊர்ச்சனம் சத்தம் போட்டுக்கொண்டு வெளியேறியது. அந்த நேரத்தில் இது என்ன சபை, லண்டனில் போட்ட விதிக்கு இங்கே கை தூக்குவதுதானே என்று எனக்கும் தோன்றியது.

இதில் இன்னொரு அநியாயம் உண்டு. மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்துவிட்டால் எதிர்த்தவர்களுக்கு மேல்முறையீடே கிடையாது. நடைமுறையில் தப்பு நடந்தது, சட்டம் மீறப்பட்டது என்று காட்ட முடிந்தால் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குப் பணம் வேண்டும், மேட்டு வீட்டு லண்டன்காரரிடம் இருக்கும், வாடகை வீட்டில் இருக்கிறவரிடம் எங்கே இருக்கும்.

பெயர்பெற்ற ஆள் என்றால் தப்பிக்கலாமோ என்றால், அதுவும் அவ்வளவு சுலபமில்லை. தொலைக்காட்சியில் கார் நிகழ்ச்சி நடத்தி உலகம் முழுக்கத் தெரிந்த ஜெரமி கிளார்க்சன், ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் சாட்லிங்டன் பக்கம் பண்ணை வைத்திருக்கிறார். அங்கே உணவகம் நடத்த அவர் போட்ட விண்ணப்பத்தை 2022 ஜனவரியில் வெஸ்ட் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர் மாவட்ட கவுன்சிலின் பிளானிங் உட்குழு மறுத்துவிட்டது. காட்ஸ்வோல்ட்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பு நிலம் அது, இவ்வளவு பெரிய வியாபாரம் அங்கே பொருந்தாது என்பது காரணம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2024-இல் பண்ணைக் கட்டடங்களைக் கடைகளாகவும் வீடுகளாகவும் மாற்றும் விதியை அரசு தளர்த்தியபோது, பத்திரிகைகள் அதற்கு வைத்த செல்லப்பெயரே "கிளார்க்சன் பிரிவு". கமிட்டியில் தோற்றால் விதியிலேயே ஜெயிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. இப்போது கமிட்டிக்குப் போகிற விண்ணப்பங்களை இன்னும் குறைக்க 2025-இல் வந்த ஒரு சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள், வீடுகள் வேகமாகக் கட்டப்பட வேண்டுமாம். நான் பார்த்த அந்தப் பத்து நிமிடம் இனி அங்கேயே அரிதாகலாம்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். வீட்டுக்கு அனுமதி விஷயத்தில் நம் அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்று முறை நல்ல காரியம். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர் இணையத்தில் பதிந்து, பணம் கட்டி, உடனே அனுமதியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாதாரணக் குடும்பம் வீடு கட்டுவதற்கு நாலு மாதம் வௌவால் பார்க்க வேண்டியதில்லை. இங்கிலாந்துக்காரர்கள் இதை நம்மிடம் கற்றுக்கொண்டால்கூடத் தப்பில்லை.

என் கவலை மனைப்பிரிவு பற்றியது. நஞ்சை வயல் எட்டு ஏக்கர் பிளாட் ஆகிறது என்றால் அது ஒரு வீடு இல்லை, ஊரின் தண்ணீர்ப் பாதையே மாறுகிற விஷயம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்ட பிறகுதான் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருகிற நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி என்ற பெயரே பல ஊரில் தெரியவந்தது. 2017-இல் அந்த மனைகளை முறைப்படுத்த வரன்முறை விதிகள் வந்தன, எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கோப்பு வைக்க அலமாரி போதவில்லை. இப்போது காகிதம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. வேளாண்மைத் துறைக் கடிதம், வருவாய்த் துறைக் கடிதம், டிடிசிபி ஒப்புதல், ஊராட்சித் தீர்மானம். எல்லாம் சரி. அந்த வயலுக்கு அடுத்த தெருவில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்பதுதான் அதில் இல்லை.

நான் பணியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு மனைப்பிரிவு வந்தது. கோப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரைபடத்தில் "வாய்க்கால்" என்று ஒரு கோடு இருந்தது, தரையில் அந்த வாய்க்கால் மேல் செம்மண் கொட்டிச் சாலை போட்டார்கள். கூட்டத்தில் தீர்மான எண்ணை வாசித்தேன், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், தேநீர் வந்தது, முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐப்பசி மழையில் கீழ்த்தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு அம்மா, கணவர் இல்லாதவர், ஆட்டுக்குட்டி இரண்டு செத்துப்போய், அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு நானே சொல்லியிருப்பேனேய்யா" என்றார். நாற்பது வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறவர். கோப்பில் கையெழுத்துப் போட்ட யாருக்கும் தெரியாத விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இங்கிலாந்துக் கூட்டத்தில், மழைக்காலத்தில் பாதை மூழ்குமே என்று அந்த மூத்த உறுப்பினர் கேட்டபோது எனக்கு இந்த அம்மா ஞாபகம்தான் வந்தது.

கமிட்டி அமைக்க வேண்டும், மணி அடிக்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பார்க்கிறார்கள், தலைவரே இல்லாத இடத்தில் கமிட்டிக்கு எங்கே போவது. இப்போதே செய்யக்கூடியது இரண்டு உண்டு. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் வரவு செலவு வாசிக்கிறோம். நிலுவையில் இருக்கும் மனைப்பிரிவு விண்ணப்பங்களையும் சர்வே எண்ணோடு வாசிக்கட்டும், யாராவது எதிர்ப்புச் சொன்னால் அதையும், அதை ஏற்காததற்கான காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும். நன்றாக எழுதத் தெரிந்த செயலர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

இன்னொன்று, அந்த நிலத்தின் முகப்பில் ஒரு தாள். சர்வே எண், எத்தனை மனை, வாய்க்கால் எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறும், ஆட்சேபம் இருந்தால் யாரிடம் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும். மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்ட இருபது ரூபாய் ஆகும். எங்கள் ஊராட்சியில் ஆரம்பிப்பதானால் முதல் வருடச் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி செயலர் ஒருவர்